வெயில் தாங்குற ரகம்

கீழ பித்தளையும் எவர்சில்வரும் இடிச்சுக்கிற சத்தம் கேக்குது, நான் மொட்டை மாடியில பச்சை வலைக்கடியில உக்காந்து விதைப் பாக்கெட்டு பாத்துக்கிட்டிருக்கேன். மூணு பாக்கெட்டு, மூணும் லெட்டூஸ், பச்சையாத் திங்கிற மலைக்கீரை. மாசி பொறந்துருச்சு, இன்னைக்கு நாளைக்குள்ள எதையாவது ஒண்ணை முடிவு பண்ணினாத்தான் விதைக்க முடியும், இல்லேன்னா பங்குனி வெயில்ல விதை கண்ணே தொறக்காது. கீழ இருந்து யாராவது கூப்பிட்டா செடிக்குத் தண்ணி ஊத்துறேன்னு சொல்லிக்கலாம். விடியக்காலையிலயே ஊத்தியாச்சு, தொட்டி எல்லாம் நனைஞ்சுதான் கெடக்கு, ஆனா வந்து தொட்டுப் பாக்கவா போறாங்க. இவருக்குத் தெரியும் நான் ஏன் மேல வந்தேன்னு. என் மூத்தாருக்கும் தெரியும். வேன் வந்து நின்னதும் பின்பக்கக் கதவைத் தொறந்து தாரிணி எறங்கினா, உச்சந்தலை வகிடு மட்டும் தெரிஞ்சுது எனக்கு, அவ்வளவுதான், செருப்பைக்கூட மாத்தாம படியேறிட்டேன். மருமக வீட்டுக்கு வந்தா வாம்மான்னு சொல்ல வேண்டாமா. சொல்லலாம். எந்த வாயால சொல்ல. அவ வாழ வரல, கல்யாணத்துக்குக் குடுத்த சீர்சாமானை அவங்க அப்பாவோட வந்து எண்ணி எடுத்துட்டுப் போக வந்திருக்கா. பேசி முடிச்சாச்சு, கோர்ட்டுக் காரியம் அது பாட்டுக்கு நடக்குது. தாலி கட்டின மகராசன், என் பிள்ள குரு மட்டும் சென்னையில இருக்கான், லீவு கெடைக்கலையாம். பொண்ணு பாக்கப் போறதுக்கு லீவு கெடச்சுது, பொண்டாட்டிய அனுப்புறதுக்குக் கெடைக்கலையாம் தொரைக்கு.

ரோமைன், லோலோ ரோசா, பட்டாவியா. பேரைப் பாரு, ஏதோ கப்பல்ல வந்து எறங்குற வெள்ளக்காரிக பேரு மாதிரி. ரோமைன் நிமிந்து நிக்கும், நீட்டு இலை, நடுவுல வெள்ளைத் தண்டு. லோலோ ரோசா ஓரமெல்லாம் சுருட்டை சுருட்டையா செவப்பா இருக்கும், பாக்க அழகு, வாயில போட்டா கொஞ்சம் கசப்பு. பட்டாவியா ரெண்டுக்கும் நடுவுல, மொறுமொறுன்னு இருக்கும், வெயிலு தாங்கும்னு ஓசூர் விதைக்கடைப் பையன் போன்ல அடிச்சு சொல்றான். எந்த ஊரும்மான்னு கேட்டான். சாத்தூருன்னேன். சாத்தூரான்னு இழுத்தான். அப்புறம் மெதுவா சொன்னான், ஐஸ்பெர்க் பக்கமே போயிராதீங்கம்மா, உருண்டை கட்டாது, சும்மா இலையா விரிஞ்சு அழுகிரும், பட்டர் ரகமும் வேண்டாம், ஓரம் கருகும். பட்டர் வேண்டாமாம். தாரிணிக்குப் பிடிச்சதே அதுதான். கோத்தகிரியில அவங்க அப்பா பட்டர் லெட்டூசுதான் போடுவாரு, பனியில நனைஞ்சு கையில எடுத்தாலே வழுக்கிட்டுப் போகும், உப்புகூட வேண்டாம் அத்த, அப்படியே திங்கலாம்னு சொல்லுவா. சொல்லும்போது அவ நாக்கு ஊறும், பாக்குற எனக்கு ஒண்ணும் ஊறாது, பச்ச இலையத் திங்க நாம என்ன ஆடான்னு கேப்பேன். சிரிப்பா. வந்த புதுசுல நல்லாச் சிரிப்பா. பட்டர் வேண்டாம்னா பட்டர் வேண்டாம், வெயிலு தாங்குறது வேணும், அதானே பிரச்சனை, வெயிலுதானே. கார்த்திகையில குரு போன்ல சொன்னானே, அவளுக்கு நம்ம ஊர் வெயிலு ஒத்துக்கலம்மா, மலைநாட்டுப் பிள்ள, வாடிப் போயிட்டா, விட்டுருங்கன்னு. அதுக்கு முன்னாடி ஐப்பசியிலயே அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன் அத்தன்னு கெளம்பிட்டா, நான்தான் பஸ் ஏத்திவிட்டேன், சேவு பொட்டலம் வாங்கிக் குடுத்து. வெயிலுன்னு அவன் சொன்னதும் எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு பாருங்க. வெயிலுதானா, அட வெயிலுதானா, அதுக்கு வழி பண்ணிரலாமேன்னு. அன்னைக்கே ஆள் பிடிச்சு வலை கட்டினேன். தேங்கா நார்த் தூள் வாங்கிப் போட்டேன். அவ ரூமு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி மாட்டினேன். திரும்பி வரும்போது மாடி குளுகுளுன்னு இருக்கணும், தொட்டி நெறைய அவளோட கீரை இருக்கணும், அத்தைக்கு இம்புட்டு கூறு இருக்கான்னு அவ அசந்து போகணும். இதையே நெனச்சு நெனச்சுத்தான் மூணு மாசமா என் பொழுது போச்சு.

பாத்திரச் சத்தம் நின்னுருச்சு. இல்ல, பீரோவை நகட்டுறாங்க, தரையில கீறுற சத்தம். அந்தப் பீரோ வந்தன்னைக்கு வாசப்படியில நுழையாம கதவைக் கழட்டித்தான் உள்ள கொண்டு வந்தோம். இப்பவும் கழட்டணும். நான் போய்ச் சொன்னாத்தான் தெரியும் இவருக்கு, இல்லேன்னா முட்டி மோதிக்கிட்டு நிப்பாரு. நிக்கட்டும். மொத வருசம் நான் விதைச்ச கதைய நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. சித்திரையில, கத்திரி தொடங்கப் போற நேரத்துல, தண்டங்கீரை தெளிக்கிற மாதிரி மணலோட கலந்து தெளிச்சு, மேல கரிசல் மண்ணை நல்லா மூடி, மிதிக்காத குறையா அமுக்கிவிட்டேன். ஒண்ணும் மொளைக்கல. கடைக்காரனை ஏசிக்கிட்டுத் திரிஞ்சேன், செத்த விதையக் குடுத்து ஏமாத்திட்டான்னு. அவதான் சொன்னா, அத்த, இதுக்கு வெளிச்சம் வேணும், மண்ணைப் போட்டு மூடினா முழிக்காதுன்னு. சூடும் ஆகாதுன்னா. அடுத்து மார்கழியில அவளே போட்டா, வந்துச்சு, நல்லாவே வந்துச்சு. கொஞ்சம் பறிச்சுத் தின்னா, மிச்சத்தை விட்டு வச்சிருந்தா. மாசிக் கடைசியில பாக்குறேன், நடுத்தண்டு விறுவிறுன்னு மேல போகுது. எனக்கு சந்தோசம் தாங்கல. இடுப்பு உசரம் வந்துருச்சு. வளருதுன்னா நல்லதுதானே, பிள்ள வளந்தா சந்தோசப்பட மாட்டோமா. பக்கத்து வீட்டுக்காரிய மாடிக்குக் கூட்டிட்டு வந்து காட்டினேன், என் மருமக கை பட்டா சாத்தூர்லயும் மலைக்கீரை வளரும்னு பீத்திக்கிட்டேன். பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து சம்பந்திக்கு அனுப்பினேன். காலமெல்லாம் இதே வெள்ளாமை பண்ற மனுசன், நல்லா வந்திருக்கு சம்பந்தியம்மான்னு பதில் போட்டாரு, பாவம். தண்டு விட்டா கத முடிஞ்சுதுன்னு அவருக்குத் தெரியாதா. நான் அதைப் பறிச்சு வெங்காயம் போட்டு வதக்கி, தேங்காப்பூ தூவி, பொரியல்னு வச்சேன். இவரு ஒரு வாய் வச்சாரு, தட்டுல ஒதுக்கிட்டாரு. வேப்பெண்ணெய்க் கசப்பு. கிள்ளினா பால் வடியும் அந்தத் தண்டுல, அதுதான் கசப்பு. தாரிணி மட்டும் முழுசையும் தின்னா, மூஞ்சியச் சுழிக்கல, இன்னொரு கரண்டி போடுங்க அத்தன்னா. அப்பத்தான் கேட்டேன், ஏன் பிள்ள இப்படி உசந்து போச்சுன்னு. செடி பயந்துட்டா அப்படித்தான் அத்த, இனிமே இங்க இருக்க முடியாதுன்னு தெரிஞ்சா அவசர அவசரமா உசந்து பூத்து விதையப் போட்டுட்டுப் போயிரும்னா. அடப் பாவமேன்னு சொல்லிட்டு ரசத்தை ஊத்தினேன். அவ எந்நேரமும் மாடியிலயே கெடக்காளே, விடிஞ்சா மாடி, அடைஞ்சா மாடி, சேலைய இடுப்புல செருகிக்கிட்டு மண்ணைக் கிண்டிக்கிட்டு, நம்ம வீட்ல நல்லா ஒட்டிக்கிட்டா பிள்ளைன்னு அப்பவும் நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்.

இவரு கூப்பிடுறாரு. செம்பகம், எறங்கி வா, உன் மூத்தாரு தேடுறாருன்னு. தேடுவாரு, தேடாம என்ன. குத்துவிளக்கு இருக்குல்ல. எங்க வகையறாவுல ஒரு முறை. பொண்ணு கொண்டு வர்ற குத்துவிளக்கை மாமியாக்காரிதான் வாசல்ல நின்னு கையில வாங்கணும், நான் வாங்கினேன், ஆரத்தித் தட்டை இவரு தங்கச்சி கையில குடுத்துட்டு ரெண்டு கையாலயும் வாங்கினேன். பொண்ணைத் தீத்துவிடும்போது வாங்கின கைதான் திருப்பியும் குடுக்கணும், வேற யாரு தொட்டாலும் ரெண்டு வீட்டுக்கும் ஆகாதுன்னு மூத்தாரு நேத்தே சொல்லிட்டாரு. நான் போகாம அந்த விளக்கு நகராது. விளக்கு நகராம வேன் நகராது. அதான் இங்க உக்காந்திருக்கேன். என்ன பெரிய கெட்டிக்காரத்தனம், எம்புட்டு நேரத்துக்கு. வலை ஓட்டை வழியா வெயிலு பொட்டுப் பொட்டா கால்ல விழுது, அம்மாடி, இந்நேரத்துக்கே சுடுது. பட்டாவியா பாக்கெட்டை ஆட்டினா சரசரங்குது. இத்துனூண்டு விதை, சீரகத்துல பாதி இருக்காது. இதையும் அப்படியே போட முடியாது, ஈரத்துணியில முடிஞ்சு ஃபிரிட்ஜுல வைக்கணும், ரெண்டு நாளைக்குக் குளுந்தாத்தான் மலைன்னு நெனச்சு முழிக்குமாம். துணி முடிச்சுன்னா இன்னொண்ணு ஞாபகம் வருது. வேண்டாம், அதை நெனைக்கக் கூடாது. அவ இங்க இருந்தப்ப ஒரு நாள், ஃபிரிட்ஜுல மாவுச் சட்டிக்குப் பின்னாடி வெள்ளைத் துணியில ஒரு முடிச்சு. காலையில மாவெடுக்கப் போன நான் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். எந்தச் சாமிக்கோ வேண்டிக்கிட்டு முடிஞ்சு வச்சிருக்கான்னு நெனச்சேன். காசு முடிஞ்சு வைப்போம்ல, அந்த மாதிரி. யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னு கூச்சப்பட்டு ஃபிரிட்ஜுல ஒளிச்சிருக்கு பிள்ளைன்னு எனக்கு மனசு உருகிப் போச்சு. பிள்ளை வரம் கேட்டிருப்பா, இல்லேன்னா குரு சீக்கிரம் சென்னையில வீடு பாத்துக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்டிருப்பா. ரெண்டு வருசமா வீடு பாத்துக்கிட்டே இருக்கானே அவன். முடிச்சை எடுத்துட்டுப் போயி சாமி மாடத்துல வச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, குங்குமம் வச்சு, நானும் சேந்து கும்பிட்டேன். அவ ரெண்டு நாளாத் தேடியிருக்கா. விளக்கேத்தப் போனவ பாத்துட்டு, அத்த, இது லெட்டூஸ் விதைன்னு சொல்லி, அப்படியே தரையில உக்காந்து சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா, நானும் சிரிச்சேன், வயிறு வலிக்கச் சிரிச்சோம் ரெண்டு பேரும். நான் அதோட விட்டிருக்கணும். சரி, நெசமாவே முடிஞ்சு வச்சா என்ன வேண்டுவன்னு கேட்டேன். சிரிப்பு நின்னு போச்சு. முந்தானையால கண்ணைத் தொடச்சா. வேண்டுறதுக்கு ஒண்ணுமில்ல அத்தன்னா. ஒண்ணும் இல்லன்னா குறையில்லன்னு அர்த்தம்னு எடுத்துக்கிட்டேன். வேற எப்படி எடுத்துக்க. அந்த வயசுல ஒரு பிள்ளைக்கு வேண்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போகுமா. ஏன் இப்ப அதை நெனைக்கிறேன். வெயிலுதான். வெயிலுதான் காரணம், குருவே சொன்னான்ல. பட்டாவியாவே போடலாம், சீக்கிரம் தண்டு விடாதாம், கசக்காதாம், சித்திரை வரைக்கும் தாங்குமாம். சித்திரை வரைக்கும் தாங்கி யாரு தின்ன.

படியில சத்தம். இவரு நடை இல்ல, இவரு ஒவ்வொரு படிக்கும் முட்டியப் பிடிச்சு முருகான்னுவாரு. கொலுசு. இந்த வீட்ல கொலுசு போட்டு நடக்குறது ஒருத்திதான். நான் திரும்பல. பாக்கெட்டையே பாத்துக்கிட்டிருந்தேன், எழுத்து எல்லாம் கலங்கிப் போச்சு. அவ வந்து என் பக்கத்துல குத்த வச்சு உக்காந்தா. கொஞ்சம் சதை பிடிச்சிருந்தா, கன்னம் செவந்திருந்தா, மலைத்தண்ணி. கை பழக்க தோசத்துல போயி நாத்துத் தட்டைத் தொட்டுச்சு, ஒரு ஓரத்துல வெயிலு விழுந்துச்சுன்னு நெழலுக்குள்ள இழுத்து வச்சா. போற நேரத்துல இது எதுக்கு உனக்குன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. வாய் பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சிருச்சு, நிப்பாட்ட முடியல. வலை கட்டியிருக்கேன் பாத்தியா, பாதி வெயிலைத் தடுத்துரும். நார்த் தூள் போட்டிருக்கேன், சூடு ஏறாது. உன் ரூமுக்கு வெட்டிவேர்த் தட்டி மாட்டியிருக்கேன், தண்ணி தெளிச்சா கம்முன்னு இருக்கும். இந்தா இது பட்டாவியா, பட்டர் அளவுக்கு இருக்காது, ஆனா நம்ம வெயிலைத் தாங்கும், ஓசூர்க்காரன் சொன்னான். மூச்சு விடாமச் சொல்லிக்கிட்டே போறேன், அவ என் மடியில கெடந்த பாக்கெட்டு ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாத்து, அடுக்கி, திரும்ப என் மடியிலயே வச்சா. அப்புறம்தான் சொன்னா.

"வெயிலு எனக்கு மொத வருசமே பழகிருச்சு அத்த."

அம்புட்டுதான். நான் அவ மூஞ்சியப் பாத்தேன். கோவம் இல்ல, அழுகை இல்ல. எனக்குத் தெரியட்டும்னு சொல்ற மாதிரி சொன்னா. பிறகு ஏன் தாயின்னு நான் கேக்கல, கேட்டா சொல்லிருவான்னு பயம். கேக்காமயே சொன்னா, தொட்டி மண்ணை நிரவிக்கிட்டே, தலையத் தூக்காம.

"ரெண்டு வருசத்துல அவரு என்கிட்ட பேசினதை எழுதினா ஒரு பக்கம் வராது அத்த. மொத வாரமே சொல்லிட்டாரு, வீட்ல சொன்னாங்கன்னுதான் கட்டிக்கிட்டேன்னு. நீங்க மாடிக்கு வந்து பேசிக்கிட்டிருப்பீங்கல்ல, அதுலதான் இருந்தேன்."

குரு சனிக்கெழம ராத்திரி ரயில்ல வருவான், ஞாயித்துக்கெழம முழுக்கத் தூங்குவான், களைப்புன்னு நெனச்சு கறிக்குழம்பு வச்சேன். அவன் வந்தா இவ மாடிக்குப் போயிருவா, கூச்சம்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிருந்தேன் நான், ஒண்ணுகூட சரியான பேரு இல்ல. என் கையால சோறு போட்டு, என் கண்ணு முன்னால, ரெண்டு வருசமா ஒரு பிள்ள தனியா இருந்திருக்கு. நான் நார்த் தூள் வாங்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். வாங்க அத்த, பெரிய மாமா கூப்பிடுறாங்கன்னு எந்திரிச்சு கையக் குடுத்தா. அவ கையப் பிடிச்சுத்தான் எந்திரிச்சேன், அவ கையப் பிடிச்சுத்தான் படி எறங்கினேன். பீரோ அதுக்குள்ள வேன்ல ஏறியிருந்துச்சு, கதவைக் கழட்டியிருந்தாங்க. குத்துவிளக்கைத் தொடச்சு எண்ணெய்ப் பிசுக்கு போக வச்சிருந்தாரு இவரு. சம்பந்தி என்னையப் பாத்துக் கும்பிட்டாரு, நானும் கும்பிட்டேன், அவரு மூஞ்சியிலயும் ஒரு குறை சொல் இல்ல, இருந்திருந்தாக்கூடத் தேவலை. விளக்கைத் தூக்கினேன். வாங்கும்போது இம்புட்டு கனமா இருந்துச்சான்னு தெரியல. அவ ரெண்டு கையையும் நீட்டினா. நான் விடல. தண்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், அவளும் பிடிச்சிருக்கா, ரெண்டு பேருக்கும் நடுவுல அது நிக்குது. மூத்தாரு செருமினாரு. அவதான் மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, விடுங்க அத்தன்னா. விட்டேன்.

வேன் போய் தூசி அடங்குற வரைக்கும் வாசல்ல நின்னேன். உள்ள வந்தா போன் அடிக்குது, குரு. எல்லாம் முடிஞ்சுதாம்மான்னு கேட்டான். முடிஞ்சுதுன்னேன். கவலைப்படாதம்மா, அவளுக்கும் இதுதான் நல்லது, அந்த வெயிலுல அவளால இருந்திருக்க முடியாதுன்னான். பத்து மாசம் சுமந்த பிள்ளை. ஏசத் தெரியாதவளா நான், தெருவே அதிர ஏசுவேன். ஏசல. இங்க வெயிலே இல்லடான்னு சொல்லி வச்சிட்டேன். அவனுக்கு விளங்கியிருக்காது.

மடியில செருகியிருந்த பாக்கெட்டு மூணும் அங்கனயே இருந்துச்சு. ஒண்ணை உருவிக் கிழிச்சேன், எந்த ரகம்னு பாக்கல. இவரு பழைய வேட்டியில கிழிச்ச துணியை நனைச்சுப் பிழிஞ்சு, விதையக் கொட்டி, முடிச்சுப் போட்டேன். இந்தத் தடவை வேண்டிக்கிட்டுத்தான் முடிஞ்சேன். அவ போற எடத்துல அவகிட்ட யாராவது பேசணும். துணியை மாவுச் சட்டிக்குப் பின்னாடி, அவ வைக்கிற எடத்துலயே வச்சு, ஃபிரிட்ஜு கதவைச் சாத்தினேன்.